இரும்பு படக்கூடாத வேலை

2025ஆம் ஆண்டின் நடுவில் இரண்டு முகங்கள் தமிழ்நாட்டுக் கைபேசிகளில் ஓயாமல் சுற்றின. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக முக ஆய்வுக்கூடம் கணினியில் உருவாக்கிய முகங்கள். ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் வைகைக் கரையில் வாழ்ந்து மறைந்த இரண்டு ஆண்கள். எங்கள் தெரு டீக்கடையில் ஒருவர், "எங்க சித்தப்பாவ உரிச்சு வச்சிருக்கு" என்று சத்தியமே செய்தார். நிறம் இப்படியா இருந்திருக்கும் என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். எலும்பு நிறத்தைச் சொல்லாது. கண்குழியின் வடிவம், மூக்குத் துளையின் அகலம், கன்ன எலும்பின் எடுப்பு, தசை பற்றியிருந்த தழும்பு, இவ்வளவுதான் எலும்பில் இருக்கும். தோலும் முடியும் இன்று இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்களைப் பார்த்துப் போட்டது. கீழ்த்தாடை கிடைக்காததால் அதைக்கூட மேல்பகுதியின் அளவுகளிலிருந்து கணக்குப் போட்டுத்தான் வரைந்தார்கள்.

முகத்தைப் பற்றி ஊரே பேசிற்று. மண்டை ஓட்டை ஈமத்தாழிக்குள்ளிருந்து உடையாமல் எடுத்த கைகளைப் பற்றி ஒரு வரி எங்கும் வரவில்லை. அந்த எரிச்சலில்தான் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 2022 கோடையில், கீழடி எட்டாம் கட்ட அகழாய்வு நடந்துகொண்டிருந்தபோது, கொந்தகையில் எழுதிய குறிப்புகள் அதில் இருந்தன. அப்போது என்னை அழைத்துப் போன நண்பர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் கற்பிப்பவர். பிணங்களோடு பழகிய மனிதர் என்பதால் எலும்பு விஷயத்தில் அவருக்குக் கூச்சமோ பரவசமோ கிடையாது.

மதுரையிலிருந்து ராமநாதபுரம் சாலையில் சிலைமானைத் தாண்டினால் கீழடி விலக்கு. அங்கிருந்து உள்ளே தென்னந்தோப்பும் மல்லிகைத் தோட்டமுமாகப் போகும் பாதை. கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2014-15இல் தோண்டத் தொடங்கியது. பிறகு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. செங்கல் சுவர், உறைகிணறு, எழுத்து கீறிய பானை ஓடு என்று வாழ்ந்தவர்களின் அடையாளம் குவிந்ததே தவிர, வாழ்ந்தவர்கள் அங்கே இல்லை. அவர்கள் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், கொந்தகையில் இருந்தார்கள். ஊருக்குள் வீடும், சற்றுத் தள்ளி இடுகாடும் என்கிற ஏற்பாடு அன்றைக்கே உண்டு. 2020இல் ஆறாம் கட்டத்தின்போது கொந்தகையும் அகழாய்வில் சேர்ந்தது. அந்த ஆண்டே தாழிகளோடு குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் வெளிப்பட்டன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழரை மணி. வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. வெயில் ஏறுவதற்குள் எலும்பு வேலையை முடித்துவிட வேண்டும். இரண்டாயிரம் ஆண்டு ஈர மண்ணுக்குள் கிடந்த எலும்பு திடீரென்று காய்ந்தால் அப்பளமாய் நொறுங்கிவிடும். அதனால் குழிக்கு மேலே தார்ப்பாய்ப் பந்தல். அதையும் மீறி ஓரத்தில் விழுந்த வெயிலை மறைக்க ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு நின்றார். குடை பிடிப்பதற்கென்றே ஓர் ஆள். கோயில் உற்சவரைத் தவிர வேறு யாருக்கும் இந்த மரியாதை நடந்து நான் பார்த்ததில்லை.

பத்துக்குப் பத்து மீட்டர் சதுரம், அதை நான்காகப் பிரித்து நடுவில் வெட்டாமல் விட்ட தடுப்புச் சுவர் என்பதுதான் குழியின் அமைப்பு. அந்தச் சுவரின் பக்கவாட்டில் மண்ணடுக்குகளின் நிறம் தெரியும். எந்த அடுக்கில் எது கிடைத்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வொரு பொருளின் இடத்தையும் கருவி வைத்துக் குறித்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். ஓர் இளைஞர் அதை வெகு நேரம் பொறுமையாக விளக்கினார். அளவைக்காரர்களுக்கு அது அமுதம், வாசகருக்கு வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

என் கண் போனது குழிக்குள் இருந்த ஏழெட்டுச் செந்நிற வட்டங்களின் மேல். தரை மட்டத்தில் சீவிய மண்ணில் யாரோ காம்பஸ் வைத்து வரைந்ததுபோல இருந்தன. ஒவ்வொரு வட்டமும் ஒரு தாழியின் வாய். மேலே கவிழ்த்திருந்த மூடி மண் பாரத்தில் உடைந்து உள்ளே விழுந்திருக்கும். தாழியின் தோள்பட்டையும் வெடித்திருக்கும். ஆனாலும் சுற்றியுள்ள மண் அந்த ஓடுகளை அப்படியே பிடித்து நிறுத்தியிருக்கிறது. மண்ணை முழுக்க எடுத்தால் தாழி சரியும். எடுக்காவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலை.

அதில் ஒரு தாழிக்குப் பக்கத்தில், பலகையில் ஒருக்களித்துப் படுத்த வாக்கில் ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. வலது கை முழங்கை வரை தாழிக்குள் இருந்தது. கையில் கரண்டி இல்லை, கத்தி இல்லை. ஒரு சாண் நீள மூங்கில் சிம்பு, ஒரு முனை உளிபோலச் சீவியது. பக்கத்தில் பெயின்ட் பிரஷ், ஒரு ரப்பர் பந்து ஊதி, சின்ன ஈயச் சட்டி.

"இரும்புக் கரண்டி இருக்கே அக்கா, இது எதுக்கு?" என்றேன்.

"தாழி வாய் தெரியுற மட்டும்தான் தம்பி கரண்டி. உள்ள இரும்பே படக்கூடாது. பட்டா எலும்புல கோடு விழுந்துரும். அப்புறம் அந்தப் பிள்ளைக லென்ச வச்சுக்கிட்டு, இது வெட்டுக் காயமா, செத்தப்ப பட்டதா, பொறகு பட்டதான்னு மண்டைய உடைச்சுக்கும். நம்ம பண்ணுன கோட்டுக்கு அவுக ஒரு சண்டைக் கதை கட்டிருவாக."

நண்பர் சிரித்தார். அதில் பாதி உண்மை, பாதி கிண்டல் என்றார். புதிய கீறல் வெளிறித் தெரியும். பழைய காயம் எலும்பின் நிறத்திலேயே இருக்கும். உயிரோடு இருந்தபோது பட்டதென்றால் விளிம்பு மழுங்கி, எலும்பு தன்னை ஆற்றிக்கொள்ள முயன்ற தடம் தெரியும். தேர்ந்தவர் ஏமாற மாட்டார். ஆனால் கீறலே விழாமல் இருப்பதற்கு ஈடு எந்தத் தேர்ச்சியும் இல்லை.

சிம்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பச்சை மூங்கில் உதவாது, காயும்போது முறுக்கிக்கொள்ளும். பழைய ஏணி, பந்தல் கால் போல வெயில் மழை பார்த்த மூங்கிலின் மேல்பட்டைதான் வேண்டும். பட்டைப் பக்கம் எலும்பின் மேல் படக்கூடாது, அது கூர், உள்பக்கம்தான் படவேண்டும். முனை ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆனதும் மறுபடி சீவவேண்டும். ஒரு காலைப் பொழுதுக்குள் அவர் நாலு முறை சீவிக்கொண்டார். சீவுவதற்கு வைத்திருந்தது வீட்டில் காய் நறுக்கும் கத்தி. இது அவர் கண்டுபிடித்ததல்ல. உலகமெங்கும் எலும்பு தோண்டுகிறவர்கள் மூங்கிலையும் மரத்தையும்தான் வைத்துக்கொள்கிறார்கள். எலும்பைவிட மெத்தென்றும் மண்ணைவிட உறுதியாகவும் இருக்கிற பொருள் வேண்டும் என்கிற ஒரே கணக்கு. ஆனால் ஏணி மூங்கில் என்பது இந்த அக்காவின் முடிவு. பந்தல் போடும் அவருடைய மாமனாரிடமிருந்து வந்த ஞானமாம்.

கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிம்பால் மண்ணைக் குத்துவதில்லை. பக்கவாட்டில் நெம்பி ஒரு சிட்டிகை அளவு மண்ணைத் தளர்த்துகிறார். பிரஷால் தன் பக்கம் இழுக்கிறார். சட்டியில் அள்ளுகிறார். அந்தச் சட்டி மண்ணைக் கொட்டுவதில்லை. எந்தத் தாழி, எவ்வளவு ஆழம், என்ன தேதி என்று எழுதிய துணிப்பையில் அது தனியாகப் போகிறது. சலித்தால் ஒரு மணி கிடைக்கலாம். கொந்தகைத் தாழிகளில் சூதுபவள மணிகள் அப்படிக் கிடைத்தவைதான். தண்ணீரில் கரைத்தால் கருகிய தானியம் மிதந்து வரும். இடுப்பெலும்பை ஒட்டிய மண்ணில் வயிற்றுப் புழுவின் முட்டைகூட இருக்கலாம் என்று நண்பர் சொன்னதும், அக்கா கையைச் சட்டென்று வெளியே எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே விட்டார்.

பத்து மணி வாக்கில் ஒரு நீண்ட எலும்பு பாதி தெரிந்தது. தொடை எலும்பு. அதை உடனே எடுக்கவில்லை. சுற்றி மண்ணை இறக்கி, எலும்பு ஒரு சின்ன மண் மேடையின் மேல் படுத்திருக்கும்படி விட்டார். எல்லாம் தெரிந்த பிறகே படம். வடக்கைக் காட்டும் அம்பு, அளவுகோல், எண் எழுதிய சிலேட்டு வைத்து மேலிருந்து எடுத்தார்கள். ஒரு மாணவி வரைபடத் தாளில் பென்சிலால் வரைந்தார். படம் இருக்கும்போது எதற்கு வரைய வேண்டும் என்று கேட்டதற்கு அந்தப் பெண், "கேமரா எல்லாத்தையும் எடுக்கும் சார். வரையறப்பதான் எது எதுக்கு மேல இருக்குன்னு நாங்க பாப்போம்" என்றார். சரியான பதில்.

தொடை எலும்புக்குப் பக்கத்தில் இன்னொன்று. அக்கா பிரஷால் அதன் தலைப்பகுதியைத் துடைத்து ஒருமுறை பார்த்தார். "இதுவும் வலது காலு" என்றார்.

அது நண்பர் சொல்லவேண்டிய வசனம். ஒரே தாழியில் இரண்டு வலது தொடை எலும்புகள் என்றால் குறைந்தது இரண்டு பேர். ஆய்வுக்கூடத்தில் எலும்புகளை மேசையில் பரப்பி முதலில் செய்கிற கணக்கு இதுதான்; ஒரே பக்கத்து ஒரே எலும்பு எத்தனை இருக்கிறது என்று எண்ணி, குறைந்தபட்சம் எத்தனை ஆட்கள் என்று முடிவு செய்வார்கள். மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவன் வலது இடது பிரிக்கப் பல மாதம் தடுமாறுவான் என்று நண்பர் எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார். அக்கா பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரை.

புறநானூற்றில் ஒரு பெண், கணவனை இழந்தவள், தாழி வனையும் குயவரிடம் தனக்கும் சேர்த்துப் பெரிதாகச் செய்யச் சொல்லி வேண்டுகிற பாட்டு உண்டு. இரண்டு கால்களைப் பார்த்ததும் என் மனம் அங்கே ஓடிற்று. நண்பரிடம் சொன்னேன். இடுப்பெலும்பு வரட்டும், அப்புறம் காதல் கதை எழுதலாம் என்றுவிட்டார். இடுப்பெலும்பில் உள்ள ஒரு பள்ளத்தின் அகலத்தைக் கொண்டு ஆணா பெண்ணா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டு பேருமே ஆணாக இருக்கலாம், அப்பனும் மகனுமாக இருக்கலாம், நூறு வருஷ இடைவெளியில் ஒரே குடும்பத் தாழியில் சேர்ந்தவர்களாகக்கூட இருக்கலாம்.

அடுத்த கேள்வி, ஆளை முழுசாக வைத்தார்களா, எலும்பை மட்டும் பொறுக்கி வைத்தார்களா என்பது. இரண்டு வழக்கமும் இருந்திருக்கின்றன. மணிமேகலையே இறந்தவருக்குச் செய்யும் முறை ஐந்து என்று பட்டியல் தருகிறது. சுடுவதும் தாழியில் கவிப்பதும் அதில் அடக்கம். உடலை வெளியே கிடத்தி, தசை போன பிறகு மண்டை ஓட்டையும் பெரிய எலும்புகளையும் மட்டும் சேகரித்து வைத்திருந்தால், விரல் எலும்பும் முழங்கால் சில்லும் இருக்காது. அவை சின்னவை, புல்லில் தவறிவிடும். முழு உடலையும் குந்தவைத்து இறக்கியிருந்தால் விரல் எலும்புகள் அடியில் வரிசை கலையாமல் கிடக்கும். ஆக, இரண்டாயிரத்து ஐநூறு ஆண்டுக்கு முந்தைய சடங்கைப் பற்றிய முடிவு, பட்டாணி அளவு எலும்பு ஒன்று சல்லடையில் மாட்டியதா, மண்ணோடு போயிற்றா என்பதில் வந்து நிற்கிறது. அந்தச் சல்லடையை ஆட்டுகிறவர் தினக்கூலி.

அக்காவுக்கு ஊர் வைகைக்கு அக்கரை. பதினேழு வயதில் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தார். கணவரோடு சேர்ந்து செங்கல் சூளைக்குப் போனார். மேஸ்திரி முன்பணம் கொடுப்பார். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதில் அவர் கமிஷன் போக மிச்சம். மழை வந்து பச்சைக் கல் கரைந்தால் அது அறுத்தவர் கணக்கில். சீசன் முடிவில் பார்த்தால் முன்பணம் தீர்ந்திருக்காது, அடுத்த சீசனுக்கும் அதே சூளை. இந்த நாட்டில் மண்ணோடு வேலை செய்கிற எல்லோருக்கும் மேலே மண்ணையே தொடாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். செங்கலிலும் அவர்தான், மல்லிகைப் பூ மண்டியிலும் அவர்தான், தேங்காய் வெட்டிலும் அவர்தான். அவர் நோட்டுப் புத்தகத்தை யாராவது ஒருநாள் மண்ணடுக்கு மண்ணடுக்காகப் பிரித்துத் தேதி சொன்னால் தேவலை. விலகிவிட்டேன், திரும்புகிறேன்.

சூளைக்கு மண் எடுக்கும்போதும் தாழி வரும் என்று அக்கா சொன்னார். "அப்பெல்லாம் என்ன செய்வீங்க?" என்றேன். "பயம். செத்தவங்க பானைன்னு தெரியும். கடப்பாரைய வச்சு ஒரே இடி. ஒடைச்சு ஓரமா தள்ளிட்டு சூடம் கொளுத்திருவோம். உள்ள தங்கம் இருக்கான்னு சில பேரு பாப்பாக. எலும்பும் சாம்பலுமாத்தான் இருக்கும்." கீழடி பிரபலமாகி, கொந்தகையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தபோது முதலில் அவருக்கு மண் சுமக்கும் வேலைதான். கைச்சுத்தத்தைப் பார்த்து ஒரு மாணவர் பிரஷைக் கொடுத்தாராம். அதிலிருந்து தாழிக்குள் இறங்குகிற வேலை இவருடையது.

அவருக்கு அந்த வேலையில் ஒரே ஒரு மனத்தாங்கல். மரபணுவுக்கு மாதிரி எடுக்க வந்த அன்று நடந்தது. வெள்ளை உடுப்பு, முகமூடி, இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு சிலர் வந்தார்கள். தாழியைத் திறக்கும் நேரத்தில் வேலையாட்களை எல்லாம் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். "அத்தனை நாளா நாங்கதான் பக்கத்துல படுத்துக் கிடந்து தோண்டுனோம். அன்னைக்கு எங்க மூச்சுப் பட்டாலே எலும்புக்குத் தீட்டாம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். உடனிருந்த பெண்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த விலக்கலுக்கு அறிவியல் காரணம் முறையானதுதான். நம்முடைய வெப்பத்திலும் மழையிலும் பழைய எலும்பில் மரபணு துண்டு துண்டாகச் சிதைந்து, மிச்சம் இருப்பதே கடுகளவு. பக்கத்தில் ஒருவர் தும்மினால் அவருடைய புத்தம் புதிய மரபணு அதைவிடப் பல மடங்கு போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆய்வுக்கூடத்தில் வருவது தாழிக்காரரின் வம்சம் அல்ல, தும்மியவரின் வம்சம். கையுறை போட்ட பேராசிரியரும் முகமூடி இல்லாமல் நின்றால் அதே கதிதான். இதை ஐந்து நிமிடம் அந்தப் பெண்களிடம் சொல்லியிருந்தால் போதும், புரிந்துகொண்டிருப்பார்கள். எலும்பில் கோடு விழக்கூடாது என்பதன் காரணம் புரிந்தவர்களுக்கு இது புரியாதா? தள்ளி நில் என்று மட்டும் சொன்னால், இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு நினைவு இருக்கிறது.

மாதிரிக்கு அவர்கள் தேடுவது பல்லையும், காதுக்குப் பின்னால் மண்டைக்குள் புதைந்திருக்கும் ஒரு கெட்டி எலும்பையும். உடம்பின் எலும்புகளிலேயே மிக அடர்த்தியானது அது. உள்காதைப் பொதிந்து காப்பதால் இயற்கை அதைப் பாறையாகச் செய்து வைத்திருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் அதன் அருமை தெரியவந்தது. ஆனால் மாதிரி எடுப்பது என்றால் துளைத்துப் பொடியாக்குவது. போனது போனதுதான். கொந்தகை எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபியல் துறையும் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து ஆராய்கின்றன. அவசரப்பட்டுத் தலைப்புச் செய்தி கேட்கிறவர்களுக்கு இந்தப் பொடியின் விலை தெரிவதில்லை.

காலக் கணக்கிலும் இதே சிக்கல். எலும்பிலேயே கார்பன் தேதி பார்க்கலாமே என்று தோன்றும். அதற்கு எலும்பில் கொலாஜன் என்கிற புரதம் மிஞ்சியிருக்க வேண்டும். நம் ஊர் மண்ணில் பெரும்பாலும் அது கரைந்துவிடுகிறது. ஆகவே தாழிக்குள் கரித்துண்டோ நெல்லோ இருக்கிறதா என்று தேடுகிறார்கள். பழனி அருகே பொருந்தலில் ஈமச்சின்னத்தில் வைத்திருந்த நெல்தான் கி.மு. 490 என்ற தேதியைத் தந்தது. தாமிரபரணிக் கரைச் சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் உமி கி.மு. 1155 என்றது. செத்தவருக்கு வழிச்சோறாகப் போட்ட ஒரு பிடி நெல், அவர் எலும்பு சொல்ல மறந்ததைச் சொல்கிறது. சட்டி மண்ணைக் கொட்டாமல் பையில் கட்டிய அந்த அக்காவை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

பொருளுக்காக எலும்பை ஓரம் தள்ளிய காலமும் நமக்கு உண்டு. ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டிய ஜெர்மானியர் ஜாகோர் கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899இலிருந்து 1905 வரை அலெக்சாண்டர் ரியா தோண்டினார். 1915இல் அச்சான அவருடைய பட்டியலில் பொன் நெற்றிப்பட்டமும் வெண்கலமும் இரும்பு ஆயுதமும் ஒவ்வொன்றாக எண் போட்டு இருக்கின்றன. ஆதிச்சநல்லூர் 114 ஏக்கர் இடுகாடு. 1930இல் சக்கர்மேன் என்பவர் அங்கே கிடைத்த மண்டை ஓடுகளை அளந்து எழுதினார். மண்டையின் நீள அகலத்தை வைத்து மனிதனை இனம் பிரிக்கிற மோகம் அந்தக் காலத்தது. அது முழுக்கச் செத்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இன்றும் ஒரு மண்டை ஓடு கிடைத்தால் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, இவர் யார் வகை என்பதே. இவர் என்ன சாப்பிட்டார், எதனால் வலித்தது என்று கேட்பவர் குறைவு.

நண்பர் கேட்பது அதைத்தான். மாலையில் களத்துக்குப் பக்கத்து அறையில், தாளின் மேல் நிழலில் உலர்த்திய எலும்புகளைக் காட்டினார். ஒரு மேல்தாடைத் துண்டில் நாலு பல். கடைவாய்ப் பல்லின் மேடுகள் மழமழவென்று தேய்ந்து பள்ளமாகியிருந்தன. அம்மியும் திருகையும் மாவோடு கல் துகளையும் சேர்த்துக் கொடுத்ததன் விளைவு அது. சொத்தை இல்லை, தேய்மானம். முன்பல் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்தார். எனாமலில் குறுக்கே மெல்லிய வரி ஒன்று, நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்தப் பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வயதில், மூன்று நான்கு வயது இருக்கும், குழந்தைக்குக் கடுமையான காய்ச்சலோ பட்டினியோ வந்திருக்கிறது. எனாமல் கட்டுவது கொஞ்ச நாள் நின்று, பிழைத்த பிறகு மறுபடி தொடர்ந்திருக்கிறது. எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், பழைய துன்பத்தை மறந்துவிடும். பல் மறக்காது. கண்குழியின் கூரையில் ஊசித் துளைகளாகத் தெரிந்தால் ரத்தசோகை இருந்திருக்கலாம் என்று இன்னொரு துண்டில் தேடினார், அதில் இல்லை.

அந்தப் பல்லை அக்காவிடம் காட்டினேன். வரியை நகத்தால் தடவினார். "எம் மகளுக்கும் நாலு வயசுல அம்மை கடுமையா போட்டுச்சு. இருக்குமோ?" என்றார். பால்பல்லில் இருக்காது, நிலைத்த பல்லில் இருக்கலாம் என்று நண்பர் சொல்லவும், வீட்டுக்குப் போனதும் பார்க்கிறேன் என்றார்.

அகழாய்வு அறிக்கை என்பது அழகான பெரிய புத்தகம். மணி எத்தனை, ஓடு எத்தனை, குழி எத்தனை, எல்லாம் இருக்கும். இயக்குநர், உதவியாளர், ஆலோசகர் பெயர்கள் இருக்கும். வேலையாட்களுக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம். பெயர் இருக்காது. கல்தச்சன் பெயரைக் கல்வெட்டில் பொறித்த மன்னர்கள் இருந்த நாடு இது. எலும்பின் இடதும் வலதும் பிரிக்கத் தெரிந்த ஒருவரை வருகைப் பதிவேட்டில் மண் சுமப்பவரோடு ஒரே பத்தியில் போட்டு ஒரே கூலி கொடுப்பது வெறும் நிர்வாக வசதி. அடுத்த ஆண்டு ஆள் மாறினால் அந்தக் கை போய்விடும்; புதிதாக வருகிறவர் நாலு எலும்பை உடைத்துத்தான் கற்றுக்கொள்வார். தேர்ச்சிக்கு ஒரு படி, ஒரு சான்றிதழ், சீசன் இல்லாத மாதத்துக்குக் கொஞ்சம் பணம் என்று ஏற்பாடு செய்ய எந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தின் உதவியும் வேண்டியதில்லை.

கிளம்பும்போது அடுத்த சீசனைப் பற்றிக் கேட்டேன். செப்டம்பர் வாக்கில் வேலையை நிறுத்திவிடுவார்கள். நிலம் தனியாருடையது, பதிவு செய்து முடித்த குழிகளை மூடி உடையவரிடம் கொடுக்க வேண்டும். மூடுகிற வேலை பெரும்பாலும் ஜேசிபிக்குப் போய்விடும் என்பதில் அக்காவுக்கு வருத்தம். அவருக்கு அப்புறம் மல்லிகை பறிப்பு, அதுவும் இல்லாவிட்டால் நூறு நாள் வேலை.

"அடுத்த வருஷம் எந்தப் பக்கம்னு இன்னும் சொல்லல. வடக்க அந்தத் தென்னந்தோப்புலதான் தம்பி நெறைய இருக்கு. தோப்புக்காரரு குடுக்க மாட்டேங்கிறாரு."

"அங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? அளந்து பாத்தாங்களா?"

"அளக்குறது என்ன, தென்னங்கன்னு வைக்கக் குழி வெட்டுனது நாங்கதான். ரெண்டு குழிக்கு ஒரு தாழி வந்துச்சு. அப்பதான் கடப்பாரை வச்சிருந்தமே."